மடிக்கணினிக்கு ஜாதகம்

மாதத்தின் கடைசி சனிக்கிழமை. நிரல் எழுதுகிறவர்களின் கூட்டம் நான்கு மணிக்கு. மூன்றேகாலுக்கே வாசலில் வரிசை.

முன்பெல்லாம் இந்தக் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வருவார்கள். அதில் ஐந்து பேர் வருவது பிஸ்கட்டுக்காக. மீதிப் பத்தில் ஒருவர் பேசுவார், எட்டுப் பேர் கைபேசியைப் பார்ப்பார்கள், ஒருவர் தூங்குவார். கடைசியில் கேள்வி கேட்பவர் அந்தத் தூங்கியவர்தான். இப்போது நூற்றிருபது பேர். நாற்காலி போதாமல் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அறிவுத் தாகம் பெருகிவிட்டது என்று அவசரப்பட்டுப் பூரித்துப் போக வேண்டாம். அத்தனை பேரும் வந்தது டெமோ சித்தரைத் தரிசிக்க.

டெமோ என்பது, தான் செய்த இணையப் பக்கத்தை ஊரார் முன்னிலையில் பெரிய திரையில் ஓட்டிக் காட்டுவது. வீட்டில் நூறு தடவை ஓடிய பக்கம் நூற்றோராவது தடவை மேடையில் படுத்துக்கொள்ளும். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு சக்கரம். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். "வீட்ல நல்லாத்தான் ஓடிச்சு" என்று பேச வந்தவர் வியர்ப்பார். இந்த வியாதிக்குச் சித்தர் வைத்த பெயர் மேடை தோஷம்.

"மெஷினுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு தம்பி. நூறு பேர் ஒரே நேரத்துல உத்துப் பாத்தா அதுக்குக் கண்ணு படாதா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பொறியியல் படித்தவர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பரிகாரம் ஒரு செப்புத் தகடு. மடிக்கணினியின் அடிவயிற்றில் ஒட்ட வேண்டும். விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், அதற்கும் ஒரு தகடு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் சும்மா ஒட்டினால் பலிக்காது. முதலில் மெஷினுக்கு ஜாதகம் கணிக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த ஒரு நீளமான எண் உண்டு. அதைச் சித்தர் 'பிறப்பு எண்' என்பார். தாளில் எழுதிக் கொடுத்தால் கண்ணை மூடி, கழுத்து மாலையை உருட்டுவார். பழைய விசைப்பலகைகளின் பொத்தான்களைக் கோத்த மாலை. "ம்... சனி கொஞ்சம் முறைக்கிறான்" என்பார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

பிறகு பாருங்கள், தகடு ஒட்டியவரின் டெமோ ஓடும். ஒட்டாதவரின் டெமோ படுக்கும். இதுவரை இருபத்துமூன்று தகடு. இருபத்துமூன்றும் ஓடின. இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவன் மனிதனா?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த அரங்கத்தின் மைக், புரொஜெக்டர், வைஃபை மூன்றையும் சேவையாகக் கவனித்துக்கொள்கிறவரும் சித்தர்தான். எப்பேர்ப்பட்ட மனசு!

இப்போது நம் ஆளுக்கு வருவோம். உலாவியில் எந்நேரமும் அறுபது பக்கங்களைத் திறந்து வைத்திருப்பதால் அவருக்கு 'அறுபது' என்று பெயர். பதினொரு வருடம் இணையப் பக்கங்கள் செய்தவர். ஐந்து மாதமாக வேலை இல்லை. இரண்டு தடவை இதே மேடையில் டெமோ காட்டி இரண்டு தடவையும் சக்கரத்தைத்தான் காட்டினார். இந்தச் சனிக்கிழமை ஒரு நிறுவனத்தின் மேலாளர் நேரில் வருகிறார். டெமோவைப் பார்த்தே ஆள் எடுக்கப்போகிறார் என்று செய்தி. அறுபது தகடு வாங்கிவிட்டார்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே வர வேண்டியவர்கள் வீட்டிலிருந்தே தங்கள் முறையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்தைத்தான் அறுபது செய்திருந்தார். முந்தின நாள் இரவு தகட்டைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மெஷினுக்கு ஜாதகமா? யாரோட பொருத்தம் பாக்கப் போறாரு, மவுஸோடயா?"

"கிண்டல் பண்ணாதே. இருபத்துமூணு பேருக்கு வேலை செஞ்சிருக்கு."

"எங்க லேப்ல ரத்தத்தைத் தொடாம, ஆளோட மூஞ்சியைப் பாத்து சர்க்கரை அளவு எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க தொழில்ல மட்டும் எப்படிங்க?"

"மூணாவது தடவையும் படுத்துதுன்னா?" என்றார் அறுபது. "எனக்கு வேற வழி தெரியலைம்மா."

 அவள் அருகில் வந்து மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, ஒட்டுங்க. காத்துப் போற ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க. சூடாயிடும்."

கூட்டம் தொடங்கியது. அரங்கம் தரைக்குக் கீழே இருக்கிறது. கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. எல்லாரும் அரங்கத்து வைஃபையை நம்பித்தான் ஆக வேண்டும். அறுபதுக்குப் பக்கத்து நாற்காலியில், அவருக்கு முந்தைய முறைக்காக ஒரு பெண் காத்திருந்தாள். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் வேலையை விட்டவள். ஆறு வருடம் கழித்து இன்றுதான் மேடை. அவளுடைய மடிக்கணினியின் மூடி முழுக்கக் குழந்தைகள் ஒட்டிய யானை, குதிரை, பாதி கிழிந்த சிங்கம். இரட்டையர் அம்மாவின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தகடு இருக்குல்ல?" என்றார் அறுபது.

"இல்லைங்க. மெஷின் எண் எதுக்குன்னு கேட்டேன். ஜாதகத்துக்குன்னார். வேணாம்னுட்டேன்."

"ஐயையோ! படுத்துடுமே!"

அறுபதுக்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கத்தில் யாராவது நடுங்கினால் அவருக்குக் குளிரும். மடிக்கணினியைக் கவிழ்த்து, நகத்தால் நெம்பித் தகட்டை உரித்துவிட்டார்.

"இந்தாங்க. உங்களுக்கு அடுத்தது நான்தான். முடிச்சதும் குடுத்துடுங்க."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லைங்களே."

"நம்பிக்கை எங்கிட்ட இருக்கு. தகடு உங்ககிட்ட இருக்கட்டும். ரெண்டும் சேந்தா போதாதா?"

பாவம் மனிதர், வருத்தப்படுவாரே என்று அவள் வாங்கி ஒட்டிக்கொண்டாள். மேடை ஏறினாள். பழைய பாடப்புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்ளும் பக்கம். பொத்தானை அழுத்தினாள். வெள்ளைத் திரை. சக்கரம்.

"தோஷம், தோஷம்" என்று ஓரத்து மேசையிலிருந்து சித்தர் உச்சுக்கொட்டினார். முன்வரிசையில் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் சக்கரம் சுற்றி ஓய்ந்தது. இரட்டையர் அம்மா இறங்கி வந்து, தகட்டை உரித்து அறுபதிடம் நீட்டுவதற்குள் மைக்கில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தகடு அவள் கையிலேயே நின்றுவிட்டது.

அறுபது வெறும் வயிற்றோடு மேடை ஏறினார். அவர் வயிறு இல்லை, மடிக்கணினியின் வயிறு. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

பக்கம் தண்ணீராக ஓடியது. வரிசை எண் வந்தது, நேரம் வந்தது, மாற்றினால் மாறியது. மேலாளர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. சித்தர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? இதுதான் தகடு! வேற விளக்கம் வேணுமா?"

"வேணுங்க" என்று எழுந்தாள் இரட்டையர் அம்மா. "அவரோட தகடு என் கையில இருக்கு. நான் ஓட்டினப்ப என் மெஷின்ல இருந்துச்சு."

சித்தர் சிரித்த முகம் மாறாமல் அறுபதின் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"தம்பி, உங்க தகடு உங்க மெஷின்லதானே இருக்கு? சொல்லுங்க. அந்தம்மா பதட்டத்துல ஏதோ பேசுது."

அறுபது மேலாளரைப் பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. 'இல்லை' என்றால், தகடு வாங்கி ஒட்டிய மேதாவி என்று நூற்றிருபது பேர் முன்னால், அதுவும் வேலை தரப்போகிறவர் முன்னால், தானே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவள் யானை, குதிரை ஒட்டிய மூடியை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைங்க" என்றார். மடிக்கணினியைத் தூக்கித் திருப்பினார். தகடு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

சித்தர் அசருகிற ஆளா? "ஜாதகம் கணிச்ச மெஷின் இது. சக்தி எப்பவோ உள்ளே இறங்கியாச்சு. அந்தம்மா மெஷினுக்கு ஜாதகமே பாக்கலையே!"

"அப்போ வேலை செய்யறது தகடு இல்லை, எண்ணு. அப்படித்தானே?" இரட்டையர் அம்மா மேடைக்கே வந்துவிட்டாள். "வைஃபைகிட்ட மெஷின் சொல்ற எண்ணை ஒரு வரியில மாத்திடலாம். சார், உங்க மெஷினை அணைங்க. உங்க எண்ணை என் மெஷினுக்குப் போடறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பாப்போம். பிழை தேடறப்ப நாம தினம் செய்யறதுதானே?"

தினம் செய்கிறவர்கள் நூற்றிருபது பேரும் தங்கள் செருப்புகளை ஆராய்ந்தார்கள்.

எண்ணை மாற்றினாள். திரை நிறையப் பாடப்புத்தக அட்டைகள் பூத்தன. பழைய எண்ணைப் போட்டாள். சக்கரம். மறுபடி அறுபதின் எண். அட்டைகள். நான்காவது தடவை கூட்டமே "சக்கரம்!" என்று முன்கூட்டிச் சொல்லிச் சிரித்தது. சித்தரை விட நன்றாகவே ஆரூடம் சொன்னார்கள்.

"இந்த எண்ணை வெச்சு ஆளை அடையாளம் பாக்கறது இந்த ரூம்ல ஒண்ணுதான். சனி இல்லை. அதோ, பச்சை விளக்கு மினுக்கிட்டிருக்கே, அந்த வைஃபை பெட்டி."

"அதைத் தொடாதீங்க!" என்று சித்தர் அலறினார். மேலாளர் நாற்காலி மேல் ஏறி அதை இறக்கிவிட்டார். பெட்டியின் அடியில், வாங்கின நாளில் ஒட்டியிருந்த கடவுச்சொல் அப்படியே இருந்தது. சகல தோஷத்துக்கும் பரிகாரம் தெரிந்தவருக்கு அதை மாற்றத் தோன்றவில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கம் பெரிய திரையில் விரிந்தது. 'ஜாதகம்' என்று ஒரு பட்டியல், அதில் இருபத்துநான்கு எண்கள்: முழு வேகம். கீழே 'மற்றவர்கள்': நத்தை வேகம்.

"ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று யாரோ கத்தினார்கள்.

சித்தர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன வருஷம் இதே மேடையில வைஃபை எப்படி வேலை செய்யுதுன்னு ஒன்றரை மணி நேரம் பேசினேன். பதினாலு பேர் வந்தீங்க. பிஸ்கட் தீந்ததும் ஒன்பது பேர். தோஷம்னு ஒரு வார்த்தை சொன்னேன், வரிசையில வந்து நின்னீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அடிக்க எழுந்தவர்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று அந்த மேடையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். இருந்தாலும் தகட்டுப் பணத்தை விடுவார்களா? இருபத்துநான்கு பேரும் அவரைச் சுற்றி நின்று கடைசிக் காசு வரை வாங்கினார்கள்.

பட்டியலை அழித்ததும் இரட்டையர் அம்மா முழு டெமோவையும் மறுபடி காட்டினாள். "திங்கக்கிழமை காலையில வந்துடுங்க" என்றார் மேலாளர். பிறகு அறுபதின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் வாங்க. பக்கம் நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா அந்த எண்ணு எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா இவங்களை மாதிரி நானும் படுத்திருப்பேனே சார்!"

"அதையும் திங்கக்கிழமை பேசுவோம்."

அறுபது மனைவிக்குச் செய்தி சொல்ல, சிக்னல் தேடிப் படியேறினார். திரும்பி வந்தபோது மேடையருகே புதிதாக ஒரு வரிசை. இருபது பேருக்குக் குறையாது. வரிசையின் முன்னால் இரட்டையர் அம்மா திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், சார் மெஷினோட எண்ணு ரொம்ப ராசியா இருக்கு. அதையே என் மெஷினுக்கும் போட்டு விட்டுடுங்களேன்."

"பட்டியலையே அழிச்சாச்சுங்க! இப்போ யார் மெஷினும் ஓடும். எந்த எண்ணும் வேணாம்."

"புரியுது மேடம். நீங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது." அவன் மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். "இருந்தாலும் போட்டு வெச்சா நல்லதுதானே?"

கணினிக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று கிளம்பியிருக்கும் நண்பர்களே, நல்ல காரியம், நடக்கட்டும். அதை முதலில் உங்கள் மண்டையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மெஷினில் ஏற்றுங்கள்.