ஓடினவனுக்காக நின்ற பஸ்

ஒரகடம் பக்கம் காலையில் ஒருவன் ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டான். உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்று இங்கே யாரும் ஓடுவதில்லை. ஷிப்ட் முடித்துவிட்டு நிற்கவே தெம்பு இருக்காது. இதெல்லாம் தெரிந்த நானே ஓடப் போனேன் என்றால் அதற்குக் காரணம் என் மாமனார்.

நான் சாத்தான்குளத்துக்காரன். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளூர்ப் பெண் ஸ்டெல்லாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். மாமனார் அரைமனதாகச் சம்மதித்தார். ஆனால் கல்யாணமாகி மாதங்கள் ஓடியும் ஒரு தடவைகூட என்னை ‘மாப்ள’ என்று கூப்பிடவில்லை. ‘தம்பி’தான். (பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதற்கு ஒரு தம்பி இருக்கிறதே, அந்தத் தம்பி.)

அந்த ஒரு மாப்ளவுக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் ஊர்ச் சர்ச்சில் இளைஞர்கள் ஓர் ஓட்டம் வைத்தார்கள். சர்ச்சில் கிளம்பி, மெயின் ரோடு வழியாக ஊரைச் சுற்றிச் சர்ச்சுக்கே வரவேண்டும். போட்டியெல்லாம் கிடையாது, முடித்தவர்களுக்கெல்லாம் பதக்கம். நான் சும்மா இருந்தேனா?

“பள்ளிக்கூடத்துல எப்பவும் நான்தான் மாமா ஃபர்ஸ்ட்டு.” (அங்கே நான் ஓடியதெல்லாம் கணக்கு வாத்தியாரைக் கண்டுதான்.)

“அப்டியா தம்பி? பாக்கலாம்” என்றார் மாமனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இருந்ததில் நல்ல டீ ஷர்ட் கம்பெனி யூனிஃபார்ம்தான். அதைப் போட்டு, நெஞ்சில் நம்பர் பேப்பரைக் குத்திக்கொண்டு, போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாமனார் கண்ணுக்கு மறையும்வரை பறந்தேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் விலா பிடித்துக்கொண்டது. சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கும் தொந்தி அண்ணன் என்னைத் தாண்டிப் போனார், அதுவும் போனில் பேசிக்கொண்டே.

அப்போது பின்னால் ஹார்ன். எங்கள் கம்பெனி பஸ், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், அதாவது ஓ.டி.க்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் பிரேக் போட்டார்.

“இன்னாபா, உனுக்காவ ஸ்லோ பண்ணிகினு வரேன், நீ பாட்டுக்கு ஓடிகினே கீற? ஏறு, டைம் ஆவுது.”

விளக்கம் சொல்ல மூச்சு வேண்டாமா? உண்மையைச் சொன்னால், மூச்சு மட்டும் காரணமில்லை. பஸ் சர்ச் தெரு முனை வழியாகத்தான் போகும். அங்கே இறங்கிக் கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் ஓடினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஏறிவிட்டேன். என் வழக்கமான ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அந்த சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கியே பழகிய உடம்பு இது. தலை சாய்ந்தது தெரியும், அவ்வளவுதான்.

கண் விழித்தால் கம்பெனி வாசல். சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

“வந்துட்டியா? லைன்ல ஆள் ஷார்ட்டு. நெஞ்சுல என்ன பேப்பரு? கழட்டிட்டு உள்ள போ.”

ஓட்டப்பந்தயத்தில் இருக்கிறேன் சார் என்று பஸ்ஸில் வந்து இறங்கியவன் எந்த வாயால் சொல்வது? உள்ளே போனேன்.

டீ பிரேக்கில் செக்யூரிட்டியின் போனை வாங்கி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

“எங்க கீறீங்க?”

“லைன்ல நிக்கேன்.”

அழுதுகொண்டே சொன்னாள். எல்லாரும் ஓடி முடித்தும் நான் வராததால் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் தேடி ஓடியிருக்கிறார். வழியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் எட்டிப் பார்த்து, பேர் சொல்லிக் கத்திக்கொண்டே முழுச் சுற்றும் ஓடிச் சர்ச்சுக்குத் திரும்பியவரை, கடைசியாக வந்த ஆள் என்று நினைத்து இளைஞர்கள் கைதட்டிக் கழுத்தில் பதக்கத்தையும் மாட்டிவிட்டார்கள். “அந்தப் புள்ள எங்கனா வுழுந்து கெடக்குதோ” என்று சொல்லிச் சொல்லிப் படியில் உட்கார்ந்து அழுதாராம். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. பஸ்ஸில் ஏறியதையும் தூங்கியதையும் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

சாயந்திரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். மாமனார் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பதக்கம் இன்னும் கழுத்தில். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அடி கிடி ஒண்ணும் இல்லியே?”

“இல்ல மாமா.”

“ஓ.டி. போட்டாங்களா?”

“போட்டாங்க மாமா.”

“அப்ப சரி. உள்ள வந்து சாப்டு, பஸ் மாப்ள.”

பதக்கம் இன்றும் அவர் வீட்டு இயேசு படத்துக்குக் கீழே தொங்குகிறது. யார் கேட்டாலும், “மாப்ள ஓட்னாரு, நான் வாங்கியாந்தேன்” என்பார். நான் ஏங்கிய மாப்ள கிடைத்துவிட்டது. ஆனால் அவர் மட்டுமல்ல, தெருவே அந்த பஸ்ஸையும் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறது.