'தோள் கொடுப்போம்' திட்டத்தின் மாபெரும் வெற்றி

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் எங்கள் பல்கலைக்கழகத்தின் வாராந்தரச் செய்தி மடல்தான். இதை நானாகச் சொல்லவில்லை. செய்தி மடலிலேயே போட்டிருக்கிறது. போட்டவன் நான் என்பது வேறு விஷயம்.

என் பதவியின் பெயர் 'சமூகப் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்'. பலகையில் இடம் போதாததால் கடைசி இரண்டு எழுத்துகளைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அறிவியல் கட்டடத்தின் தரைத்தளத்தில், வாசலுக்கு நேர் எதிரே, காற்றோட்டமான பெரிய அறை எனக்கு. முன்பு அது வகுப்பறையாக இருந்ததாம். மாணவர்கள் உட்கார்ந்து வீணடித்துக்கொண்டிருந்த அந்த இடத்தை, மாணவர் பங்கேற்பை வளர்ப்பதற்காக நிர்வாகம் மீட்டு என்னிடம் ஒப்படைத்தது.

மடலின் கடைசிப் பக்கத்துக்கு 'பங்கேற்க வாருங்கள்' என்று பெயர். அதை நிரப்புவதற்கு எங்களிடம் ஒரு நுட்பமான முறை உண்டு. வளாகத்தில் யார் எந்தப் புகார் கொடுத்தாலும் அது முதலில் என் மேசைக்கு வரும். புகாரைப் புகாராக அச்சிடுவது நாகரிகமல்ல. அதைக் குளிப்பாட்டி, தலைவாரி, புதுச்சட்டை போட்டு 'பங்கேற்பு வாய்ப்பு' என்று வெளியே அனுப்புவோம். விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். 'நீர் சேமிப்பு வாரத்தில் தாமாகவே முன்வந்து பங்கேற்ற விடுதிக்கு வாழ்த்துகள்' என்று போட்டேன். நடைபாதை விளக்குகள் எரியவில்லை என்றார்கள். 'நட்சத்திரம் பார்க்கும் நடை, அனைவரும் வருக' என்று அழைத்தேன். நடையில் ஒரு பேராசிரியர் பள்ளத்தில் விழுந்து, நட்சத்திரங்களை மிக அருகில் பார்த்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட வளாகத்தில்தான் அறிவியல் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. துணைவேந்தரின் அறை தரைத்தளத்தில் இருப்பதால் இந்தத் தகவல் அவரை எட்டச் சில மாதங்கள் பிடித்தன. ஆனால் மூன்றாவது மாடியில் படிக்கும் ஒருத்திக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் சக்கர நாற்காலியில் வருபவள். என் அக்காவின் மகள்.

அவள் எழுதிய புகாரைப் பதிவாளரே தம் கையால் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னய்யா இது? உங்க அக்கா பொண்ணு இப்படி எழுதிக் குடுத்திருக்கு. ஒரு வார்த்தை வீட்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சார், நல்லாப் பாருங்க. இது பழுதே இல்ல."

"பின்னே?"

"வாய்ப்பு சார்."

பதிவாளருக்குக் கண் கலங்கியது. அந்த இடத்திலேயே 'தோள் கொடுப்போம்' திட்டம் பிறந்தது. மாணவத் தொண்டர்கள் நால்வர் அவளை நாற்காலியோடு தூக்கி மூன்றாவது மாடியில் சேர்ப்பார்கள். தொண்டர்களுக்கு மஞ்சள் டி-ஷர்ட், அதில் 'நான் உயர்த்துகிறேன்' என்ற வாசகம். அவளுக்கும் ஒன்று கொடுத்தோம். அதில் 'பயனாளி' என்று இருந்தது. அதை அவள் சக்கரத்துச் சேற்றைத் துடைக்க வைத்துக்கொண்டாள். எந்த வகையில் பயன்பட்டாலும் பயன் பயன்தான்.

திட்டம் தொடங்குவதற்கு முன்பு அவள் ஒருமுறை என் அறைக்கு வந்தாள்.

"மாமா, லிஃப்ட் சரியாகிற வரைக்கும் எங்க கிளாஸை உங்க ரூம்ல வைக்கச் சொல்லுங்களேன். கீழதானே இருக்கு."

"அது எப்படிம்மா? இங்கதான் பங்கேற்பு நடக்குது."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யாரையும் காணோமே?"

"வந்தாங்கன்னா இடம் வேணுமேம்மா."

தொண்டுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஒருமுறை உயர்த்தினால் உள் மதிப்பீட்டில் ஒரு மதிப்பெண். விதிமுறையை நானே வரைந்தேன். காலையில் படிக்கட்டுக்குக் கீழே கூட்டம் அலைமோதியது. வரிசையில் முந்தப் பார்த்து அடிதடி வரை போயிற்று. ஒரு நாள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியதில் நாற்காலி மட்டும் முதல் மாடிக்குப் போய்விட்டது. அவள் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

மாலையில்தான் சிறு சிக்கல். வகுப்பு முடிந்ததும் மஞ்சள் சட்டை ஒன்றுகூடக் கண்ணில் படாது. பெருக்க வருகிற அம்மாவும் காவலாளியும் சேர்ந்து அவளை எப்படியோ இறக்கிவிடுவார்கள்.

"இறக்கி விடறதுக்கும் மார்க் போடுங்க மாமா. அப்பதான் வருவாங்க" என்றாள்.

"விதியில 'உயர்த்துதல்'னுதான்மா இருக்கு. இறக்கினா அது உயர்த்துதல் ஆகாதே."

"விதியை யாரு எழுதினது?"

"நிர்வாகம்" என்று அடக்கத்தோடு சொன்னேன்.

அவளுக்கு என் குடும்பத்து வாய். ஒரு நாள் படியில் போகும்போது தொண்டர்கள் தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, எல்லாரும் நாலு பேர் தோள்ல ஒரே ஒரு தடவைதான் போவாங்க. நான் தினமும் போறேன். எவ்வளவு கொடுத்து வச்சவ பாருங்க!"

இதை மடலில் 'பயனாளியின் நெகிழ்ச்சி' என்ற தலைப்பில் போட்டேன். 'கொடுத்து வைத்தவள் நான்' என்ற பகுதி மட்டும் வருமாறு சற்றே சுருக்கினேன்.

மடலைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள்.

"டேய், போட்டோல பேனரைப் பிடிச்சிட்டு நிக்கிறது நீதானே?"

"ஆமாக்கா. நல்லா விழுந்திருக்கா?"

"அவளைத் தூக்கறதுல நீ இல்லையே?"

"எனக்கு இடுப்பு வலிக்கா. தெரியாதா உனக்கு?"

"அவளுக்குப் பரீட்சை வருது. கடைசியா வைவா ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சாத்தான் வேலைக்கு ஆர்டர் குடுப்பாங்களாம். அந்த லிஃப்டை எப்படா சரி பண்ணுவீங்க?"

அக்காவுக்கு எதையும் பெரிதாக யோசிக்கத் தெரியாது. எப்போதும் லிஃப்ட், லிஃப்ட் என்றே இருப்பாள்.

அதற்குள் எங்கள் புகழ் வெளியே பரவிவிட்டது. 'அனைவரையும் உயர்த்தும் வளாகம்' என்ற உயரிய விருதுக்கு எங்கள் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. நடுவர் குழு நேரில் வந்து பார்க்கப்போகிறது என்று கடிதமும் வந்தது. வெண்ணெய் திரண்டுவரும் அந்த வேளையில் தாழியை உடைக்க ஓர் ஆள் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். கையில் கருவிப் பை, பைக்குள் புது மோட்டார் பெல்ட்.

"சார், பெல்ட் வந்திடுச்சு. மாட்டிட்டா இன்னைக்கே ஓடும்."

எனக்கு வியர்த்துவிட்டது. பதிவாளரிடம் ஓடினேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இன்னைக்கா? லிஃப்ட் ஓடினா அப்புறம் எதைய்யா காட்டுறது? அந்த ஆளை நிறுத்துங்க முதல்ல!"

"என்ன காரணம் சொல்றது சார்?"

"பங்கேற்கச் சொல்லுங்க!"

அந்த மனிதர் ஏன் பல்கலைக்கழகத்தை ஆள்கிறார் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. மெக்கானிக்குக்கு ஒரு மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தோம். "நான் தூக்க வரல சார், மாட்ட வந்தேன்" என்று முனகினார். தினக்கூலி தருவதாகச் சொன்னதும் மாட்டிக்கொண்டார். அன்று முதல் அவரும் படிக்கட்டில் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். லிஃப்டுக்கு வந்த பெல்ட் அவர் தோளில் தொங்கிய பையில் இருந்தபடியே தினமும் மாடி ஏறி இறங்கியது.

விருது நாளும் வைவா நாளும் ஒன்றாக அமைந்தது திட்டமிட்டதல்ல. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுதான். காலையில் விழா, மத்தியானம் வைவா. அவள் என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்.

"மாமா, காலையிலேயே என்னை மேல விட்டுடச் சொல்லுங்க. வெளியூர் எக்ஸாமினர். முடிச்சிட்டு ரயிலைப் பிடிக்கணுமாம்."

"நீ மேடையில இல்லாம விழாவா? பூங்கொத்து வாங்கினதும் நேரா மேல கொண்டு விட்டுடுவாங்க. நான் பொறுப்பு."

'நான் பொறுப்பு' என்ற சொல்லைப் பல்கலைக்கழக வரலாற்றில் ஓர் அதிகாரி வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை. அவள் நம்பிவிட்டாள். சின்னப் பெண்தானே.

விழா அதே கட்டடத்தின் கீழ்த்தள அரங்கில் நடந்தது. எந்தக் கைப்பேசியும் குறுக்கே ஒலிக்கக் கூடாது என்பதற்காக எல்லாருடையதையும் ஒரு கூடையில் வாங்கி என் அறையில் பூட்டிவைத்தேன். மேடைக்குச் சரிவுப் பாதை கிடையாது, படிகள்தான். எனவே நடுவர்களின் கண்ணெதிரிலேயே தொண்டர்கள் அவளைத் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. துணைவேந்தர் 'கண்ணியம்' என்ற தலைப்பில் பேசினார். பூங்கொத்தை அவள் மடியில் வைத்தார்கள். நன்றி சொல்ல ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்கள். அவள், "இப்ப யாராவது என்னை மேல கொண்டு விடுறீங்களா?" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

விருது, வெண்கலச் சிலை. ஒருவரை நால்வர் தோளில் சுமக்கும் வடிவம். பீடம் கருங்கல். அதை வெளியே கொண்டுபோய்ப் புகைப்படம் எடுக்கலாம் என்று யாரோ சொன்னதும், மஞ்சள் சட்டைகள் மொத்தமும் அதன் பின்னால் பாய்ந்தன. புகைப்படம் முடிந்ததும் விருந்து. வெளியே ஒலிபெருக்கியில் திட்டப் பாடல். பாட்டும் நான் எழுதியதுதான்.

விருந்தின் நடுவே துணைவேந்தர் கேட்டார்: "விருதை எங்க வைக்கப்போறீங்க?"

"மூணாவது மாடி சாதனைக் கூடத்துல சார்" என்றார் பதிவாளர்.

தொண்டர்கள் தூக்கிப் பார்த்தார்கள். முதல் படியிலேயே மூச்சு வாங்கியது. 'உயர்த்தினால் மதிப்பெண் உண்டா?' என்று ஒருவன் கேட்டான். விதியில் 'பயனாளி' என்றே இருப்பதால் சிலைக்கு மதிப்பெண் கிடையாது என்று விளக்கினேன். உடனே எல்லாருக்கும் இடுப்பு வலி வந்துவிட்டது.

"கீழ போட்டு உடைச்சுடாதீங்கய்யா!" என்று பதிவாளர் பதறினார். "அந்த லிஃப்ட் ஆள் எங்க?"

மெக்கானிக் இலையிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். பையிலிருந்த பெல்ட்டை எடுத்தார். நாங்கள் இனிப்பு சாப்பிட்டு முடிப்பதற்குள் லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. பளபளவென்று விளக்கெரிய அது கதவைத் திறந்து நின்றபோது, எனக்கு மெய்சிலிர்த்தது. சிலையை உள்ளே வைத்து, பக்கத்தில் நானும் நின்றுகொண்டேன். அது கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. எதிரே துறைத் தலைவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"சார், உங்க அக்கா பொண்ணு எங்க? எக்ஸாமினர் இவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்துட்டு இப்பத்தான் கிளம்பினார். இனி அடுத்த வருஷம்தான்."

"எப்படிப் போனார்? நான் பார்க்கலையே?"

"படியில. லிஃப்ட் ஓடுறது அவருக்குத் தெரியாதே."

அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் விருது லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் கீழே ஓடினேன். அரங்கின் கதவு வெளியே தாழிட்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேடையின் நடுவில், 'யாரும் விடுபடக் கூடாது' என்ற பேனருக்குக் கீழே, பூங்கொத்தை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது.

"போன் உங்க கூடையில இருக்கு மாமா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பின்னாலேயே வந்த மெக்கானிக்கும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை இறக்கினோம். அந்த நாற்காலியில் என் கை பட்டது அதுதான் முதல்முறை. கனமாகத்தான் இருந்தது.

"இந்தச் சுவருக்குப் பின்னாலதான் லிஃப்ட்" என்றாள். "சத்தம் கேட்டுச்சு. ஓடுச்சா?"

"ஓடுச்சும்மா."

"யாரு போனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மெக்கானிக்தான் சொன்னார்: "விருதும்மா."

அவள் மடியிலிருந்த பூங்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "அதுக்கும் நடக்க முடியாது. எனக்கும் நடக்க முடியாது. அதுக்கு ஒரே மத்தியானத்துல ஓடின லிஃப்ட், எனக்கு ஏன் மாமா இத்தனை மாசமா ஓடல?"

இந்த வார மடலின் முதல் பக்கத்தில் விருதின் வண்ணப்படம் வெளியாகியிருக்கிறது. லிஃப்ட் சரியாகிவிட்டதால் 'தோள் கொடுப்போம்' திட்டம் மாபெரும் வெற்றியுடன் நிறைவுபெறுகிறது என்று துணைவேந்தர் வாழ்த்துரை வழங்கியிருக்கிறார். அக்கா என்னோடு பேசுவதில்லை.

கடைசிப் பக்கத்தில், வழக்கப்படி, 'பங்கேற்க வாருங்கள்'. அவள் கேட்ட கேள்வியை இந்த முறை குளிப்பாட்டாமல், தலைவாராமல், அப்படியே போட்டுவிட்டேன். பதில் தெரிந்தவர்கள் என் அறைக்கு வந்து சொல்லலாம். தரைத்தளம்தான், படி ஏற வேண்டியதில்லை.