மூக்காயி வீட்டுச் சுவிட்ச்

"பல்ப வெளிய மாட்டுங்க. ரோட்டப் பாத்தாப்ல," என்றாள் மூக்காயி.

"வெளியிலையோ?" என்றான் விவேகானந்தன்.

"ஆமாங்க. எல்லாக் காம்பராவுக்கும் அப்படித்தான். சுவிட்ச் மட்டும் ஒண்ணே ஒண்ணு. அது எங்க வீட்ல இருக்கணும்."

தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குள் கூடியிருந்த சனம் முழுதும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டியது. குழந்தைகள் உட்காரும் குட்டி வாங்கில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்த விவேகானந்தனுக்குத் தலை கிறுகிறுத்தது.

அவன் கண்டி டவுனில் ஒரு நிறுவனத்தில் எஞ்சினியர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வடக்கே சண்டை மும்முரமாக நடந்த காலம் அது. ஹந்தானை மலைக்கு ஏறி வருவதற்குள் வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெயரை வாசித்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அவன் வந்தது, தோட்டத்து ஓடையில் தண்ணி விசையில் கரண்ட் எடுக்கிற சின்ன எந்திரம் ஒன்றை வைத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டுக்கு ஒரு பல்ப் எரிய வைப்பதற்காக. புகையில்லை, எண்ணெயில்லை, பில் இல்லை. பிள்ளைகள் குப்பி லாம்பில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படிக்கலாம் என்று மனசார ஆசைப்பட்டான், பாவம்.

காசு கொடுக்கும் வெள்ளைக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அங்கே குடியிருக்கிற சனங்களோடு கூடிப் பேசித்தான் திட்டம் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சனம் சம்மதிக்காவிட்டால் எந்திரம் தெல்தெனியப் பக்கம் போய்விடும்.

"அக்கா, பல்ப் வீட்டுக்குள்ளை எரியத்தானே? பக்கத்துத் தோட்டத்துக்குப் படம் காட்டவோ?"

"அப்படியே வெச்சுக்குங்க."

"சரி, வெளியிலை மாட்டுவம். ஆளுக்கொரு சுவிட்ச் தாறன்."

"வேணாம். எங்க வீட்ல ஒண்ணு போதும். அங்கேருந்துதான் கீழ பாலம் தெரியும்."

பாலத்துக்கும் சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. எல்லாம் இந்தப் பொம்பிளையின் பெருமைக்குத்தான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். மூக்காயி அப்படிப்பட்ட ஆள்தான். அவள் பேச ஆரம்பித்தால் கங்காணியே கொழுந்துக் கூடைக்குப் பின்னால் ஒளிவான். அவள் புருஷன் செல்லச்சாமி கதவோரம் குந்தி, கோப்பையில் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. திறக்க அவள் இடம் கொடுத்தால்தானே!

ஒரே சுவிட்ச் ஏன் கூடாது என்று விளக்கப் போனான் விவேகானந்தன். அங்கேதான் சனி பிடித்தது.

"எல்லா லைட்டையும் ஒரேயடியா நிப்பாட்டினா எந்திரம் தறிகெட்டு ஓடும், அக்கா. மிஞ்சுற கரண்டை எங்கையாவது விடவேணும். தண்ணிக்குள்ளை விட்டா, அந்தத் தண்ணி சுட்டுப் போகும்."

"சுடுதண்ணியா?" என்றது ஒரு குரல்.

மறுநாள் விடிந்ததும் லயத்துச் சனம் தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் சண்டை. ஹந்தானைக் குளிரில் சுடுதண்ணி வருகிறது என்றால் சும்மாவா? எந்த லயத்துக்கு முதல் வாளி என்று பொம்பளைகள் குடுமிப்பிடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே சுவிட்ச் வைத்தால்தான் சுடுதண்ணி வருமாம்! எஞ்சினியர் ஐயாவே சொன்னாராம்! சுவிட்சை மட்டும் கேட்ட சனம் இப்போது சுடுதண்ணியையும் சேர்த்துக் கேட்டது.

விவேகானந்தன் தோட்டக் கமிட்டித் தலைவர் ராஜலிங்கத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான்.

"தலைவர், ஒரே சுவிட்ச் வேண்டாமெண்டு நீங்கள் ஒருக்கா சொல்லிப் பாருங்கோ. உங்கடை சொல்லுக்கு மதிப்பிருக்கும்."

தலைவர் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பேச்சு மழையாகக் கொட்டியது. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ஆகவே தோழர்களே, ஒரே சுவிட்ச்தான் ஞாயம். அது தலைவர் வீட்டுல இருக்கிறதுதான் முறை!"

நாலைந்து விளக்குமாறு உயர்ந்தன. தலைவர் பின்கதவால் போனார்.

"கையை உயர்த்துங்கோ, எண்ணிப் பாப்பம்!" என்று கத்தினான் விவேகானந்தன். "மூக்காயி அக்கா வீட்டிலை எண்டு சொல்லுற ஆக்கள்?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. தலைவரின் மனைவி ரத்தினம்மா இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"பாருங்கய்யா," என்றாள் மூக்காயி. "எங்களக் கேட்டுத்தான் செய்வோம்னீங்க. கேட்டீங்க, சொல்லிட்டோம். நாங்க சொன்ன மாதிரி குடுக்க ஏலாதுன்னா கரண்ட நீங்களே தூக்கிட்டுப் போங்க. இருட்டுல கெடந்து பழகினவங்கதான் நாங்க, பிச்சைக்கு நிக்கல!"

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. மேல் லயத்தில் மூக்காயி வீட்டுக் கரி படிந்த சுவரில் சுவிட்ச் வைக்க இடத்தைக் குறித்தான். இந்தச் சனத்துக்கு அடுப்பூதத் தெரிந்த அளவுக்குச் சுவரைக் கழுவத் தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டான்.

மழைக்காலம் முடிந்து எந்திரம் ஓடத் தொடங்கியது. திறப்பு விழாவுக்குப் பொழுது சாயும் நேரத்தில் நிறுவனத்தின் பெரியவர் பரமநாதன், வெள்ளைக்காரர்களோடு ஜீப்பில் வந்து பாலத்தடியில் இறங்கினார்.

மேலே மூக்காயி சுவிட்சைத் தட்டினாள்.

பாலத்திலிருந்து லயம் வரைக்கும் பாதை பட்டப்பகலாகிவிட்டது. வந்தவர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி ஏறி வந்தார்கள். சனம் வாசலில் வரிசையாக நின்று, ஏறி வருகிற ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை.

பரமநாதன் ஒரு காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே குப்பி லாம்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஐசே விவேகானந்தன், இது என்ன கூத்து? ரோட்டுக்கு வெளிச்சம், பிள்ளையளுக்குக் குப்பி லாம்பு! இந்த வெள்ளைக்காரருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

விவேகானந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூக்காயி அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? இப்பவாவது சொல்லுங்கோ!"

பிறந்த நாளிலிருந்து வாய் மூடாத மூக்காயி, சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல், ஒன்றும் பேசாமல் நின்றாள். கதவோரம் குந்தியிருந்த செல்லச்சாமிதான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எம்பத்தி மூணு கலவரத்துல இந்த லயத்தக் கொளுத்த வந்தவனுங்க இருட்டுல வந்தானுங்கய்யா, ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. இனிமே வரட்டும், யாருன்னு பாத்துருவோம்."