கேரட் நிறத்தில் ஒரு மாப்பிள்ளை

எதையும் பாதியில் விடமாட்டேன் என்பதுதான் என்னிடம் உள்ள பெரிய குறை. நேர்காணலில் இதைச் சொன்னால் நல்ல குணம் என்று நினைத்து வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள் (எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது). குணமா குறையா என்று சரியாகத் தெரிய வேண்டுமானால் என் மனைவி கவிதாவைத்தான் கேட்க வேண்டும்.

நாற்பது வயதைத் தொட்ட வருடம். ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. பால் பாக்கெட்டோடு ஏறி வந்தால் பேச்சு வராமல் சைகை காட்டிக்கொண்டு நிற்பேன். அந்தச் சமயத்தில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் உடல்நலம் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். மற்றவர்கள் சமோசாவுக்காக வந்தார்கள். நான் மட்டும் பேச்சைக் கேட்டுத் தொலைத்தேன்.

பேச வந்த டாக்டரம்மா எளிமையாகத்தான் சொன்னார். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்தும்போது சில அடங்காத மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவற்றுக்கு ஓர் எலக்ட்ரான் குறைவு. அதைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து பிடுங்கும், பறிகொடுத்தது அதற்கு அடுத்ததிடம் பிடுங்கும். இந்தக் களேபரத்தில் நம் செல்கள் சேதமாகின்றன. செடிகளோ நாள் முழுக்க வெயிலில் நிற்பவை. தங்களைக் காத்துக்கொள்ளச் சில பொருட்களைத் தாங்களே தயாரித்து வைத்திருக்கின்றன. கேரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு, திராட்சைத் தோலின் கறுப்பெல்லாம் அந்த வகை. ஆன்டி-ஆக்சிடென்ட் என்று பெயர். சாப்பிட்டால் நமக்கும் உதவும்.

"இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் துருவேறிய கேட் ஒன்று கிறீச்சிட்டது. 'எல்லா நிறத்துக் காயையும் கலந்து அளவாகச் சாப்பிடுங்கள்' என்று கடைசியில் சொன்னாராம். அப்போது நான் அங்கே இல்லை. கேரட் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

அன்றிலிருந்து வெள்ளையாக இருக்கும் எதையும் தொடுவதில்லை என்று தீர்மானம். இட்லி, தயிர்சாதம் எல்லாம் வீட்டில் இருந்தும் எனக்கு இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் கேரட் ஜூஸ், சாயந்திரம் இன்னொன்று. மதியத்துக்குப் பரங்கிக்காய், இரவுக்குப் பப்பாளி. தெருமுனைத் தள்ளுவண்டிக்காரர் ஒருநாள் கன்னடத்தில், "மனேல்லி மொலா சாக்கித்தீரா சார்?" என்று கேட்டார். வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா என்று அர்த்தம். கவிதா முந்திக்கொண்டு, "ஹௌது, ஒந்து இதே" என்றாள். ஆமாம், ஒன்று இருக்கிறதாம்.

சில வாரங்களில் மாடிப்படி கொஞ்சம் சுலபமானது. கூடவே உள்ளங்கை மஞ்சளானது, பிறகு மூக்கு, பிறகு முகம் முழுக்க. இது செல்கள் பளபளக்கும் அறிகுறி என்று நான் முடிவு கட்டினேன்.

"கண்ணாடி பாத்தீங்களா இல்லையா?" என்றாள் கவிதா. "ஞாயித்துக்கெழம என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அதுவரைக்குமாவது நிறுத்துங்க."

"நல்லது நடக்கும்போது நிறுத்தக் கூடாது" என்றேன்.

கவிதாவின் தம்பி பிரபுவுக்குப் பெண் அமைய வெகுகாலம் ஆகியிருந்தது. விவேக் நகரில் இருக்கும் என் மாமனார் அலையாத இடம் இல்லை. கடைசியில் அடுகோடியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் நந்தினி என்ற பெண் அமைந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவள் அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர், குடிப்பழக்கம் இருக்கும் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை கவிதா என் முகத்தில் அரை டப்பா பவுடரைக் கொட்டினாள். மாவு தூவிய லட்டு மாதிரி மண்டபத்தில் போய் இறங்கினேன். வீட்டின் மூத்த மாப்பிள்ளை என்று முன்வரிசையில், விளக்குக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தோளில் கை போட்டுச் சாப்பாட்டுக்கூடம் பக்கம் அழைத்துப் போனார்.

"தம்பி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. குடிப்பீங்களா?"

என் மகிமை இவர் காதுவரை வந்துவிட்டதே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"தெனமும் குடிப்பேன் சார்."

"தெனமுமா?"

"காலைல எழுந்ததும் ஒண்ணு. ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஒண்ணு. ஒருநாள் விட்டாலும் கை கால் ஓடாது."

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"ஆரம்பத்துல திட்டினா. இப்ப அவளே ஊத்திக் குடுக்கறா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஹௌதா..." என்றார், அப்படியா என்பதுபோல. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளைப் பையனைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்வோமே என்று தோன்றியது.

"பிரபுவும் எங்க வீட்டுக்கு வந்தா ரெண்டு டம்ளர் அடிச்சிட்டுதான் போவான். நான்தான் பழக்கிவிட்டேன்."

தட்டு மாற்றுவது நின்றுபோனது. பெண் வீட்டார் ஒரு மூலையில் கூடினார்கள். மாமனார் வேகமாக என்னிடம் வந்தார். அவர் முகம் என்னைவிடச் சிவந்திருந்தது.

"மாப்ள, அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னேன் மாமா. தெனமும் ஜூஸ் குடிக்கறேன்னு."

"ஜூஸுங்கற வார்த்தைய சொன்னீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

நான் கெடுத்ததை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். மேடையேறி, நிச்சயப் பத்திரிகை வாசிக்க வைத்திருந்த மைக்கைப் பிடித்தேன். ஒரே வரியில் கேரட் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் காரணத்தோடு சொன்னால்தானே நம்புவார்கள்?

"எல்லாரும் மூச்சு விடறோம். அதுலதான் பிரச்சினையே இருக்கு" என்று ஆரம்பித்தேன். "நமக்குள்ள சண்டை நடந்துகிட்டே இருக்கு. ஒருத்தன் இன்னொருத்தன்கிட்டேர்ந்து புடுங்கறான். எல்லாரும் உள்ளுக்குள்ள துருப்புடிச்சிட்டிருக்கோம்."

"காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டாருப்பா" என்றார் பின்வரிசையில் ஒருவர். பெண்ணின் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார். பிரபு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் குரலை உயர்த்தி எலக்ட்ரானுக்கு வந்தேன்.

அப்போது பட்டுப்புடவை சரசரக்க நந்தினி எழுந்து என்னிடம் வந்தாள். நிச்சயப் பெண் இப்படி எழுந்து வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணா, மேல பாருங்க" என்று என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். அடுத்து உள்ளங்கையை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். "அப்பா, குடிச்சுக் கல்லீரல் கெட்டு வந்த காமாலைன்னா கண்ணும் மஞ்சளாகும். இவருக்குக் கண்ணு வெள்ளையா இருக்கு. கைதான் ஆரஞ்சா இருக்கு. அண்ணா, தெனமும் என்ன குடிக்கறீங்க?"

"கேரட் ஜூஸ்" என்றேன் மைக்கில்.

யாரோ ஒரு பாட்டி முதலில் சிரித்தார். பிறகு கூரை அதிர்ந்தது.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி" என்றார் பெண்ணின் அப்பா, தேடி எடுத்த செருப்பை அங்கேயே விட்டுவிட்டு.

"கேரட் நல்லதுதாண்ணா" என்றாள் நந்தினி. "ஆனா ஒரே காய் எல்லா வேலையும் செய்யாது. கொஞ்ச நாள் நிறுத்துங்க, தானா கலர் எறங்கிடும். எதுக்கும் நாளைக்கு லேபுக்கு வாங்க, கல்லீரலயும் ஒருதரம் பாத்துடுவோம்."

பார்த்தார்கள், நன்றாகவே இருந்தது. நிறம் இறங்கச் சில மாதம் பிடித்தது. நந்தினியின் கல்யாணத்தில் நான் பழைய நிறத்தில் நின்று, இட்லி சாப்பிட்டேன்.

ஆனால் நிச்சயதார்த்த ஆல்பம் இன்னும் இருக்கிறது. முன்வரிசையில் நான் மட்டும் ஆரஞ்சாக இருந்ததைப் பார்த்த போட்டோகிராஃபர், பாவம், கேமராவின் கோளாறு என்று நினைத்து, எல்லாப் படத்திலும் ஆரஞ்சைக் குறைத்து என் முகத்துக்குத் தகுந்தபடி சரிசெய்துவிட்டார். அதனால் படத்தில் நான் ஆரோக்கியமாக இருக்கிறேன். மாமனார், சம்பந்தி, மணமக்கள், சொந்தபந்தம் எல்லோரும் நீலம் பாரித்து நிற்கிறார்கள். வீட்டுக்கு வரும் புது விருந்தாளிகள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"இவரு ஒருத்தரத் தவிர மத்த எல்லாருக்கும் என்ன ஆச்சு?"