புகைக்கும் பேரம் உண்டு

டென்மார்க் துணி கம்பெனியிலிருந்து வந்த மெயிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஒரு பார்டர் டிசைனை கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்ப எத்தனை கிலோ கார்பன் புகை ஆகிறது?

ஆரணியில் பட்டு விற்றே தலை நரைத்து, இப்போது டிசைன் வரைந்து அனுப்பும் தொழிலில் இறங்கியிருப்பவர் ஜெகநாதன். புகையை எடை போட்டுக் கேட்டவர்களை அவர் பார்த்ததில்லை. டிசைன் வரையும் ஜெயப்ரியா, கரண்டையும், தினம் இரண்டு மணி நேரம் கரண்டு போகும்போது ஜெனரேட்டர் குடிக்கிற டீசலையும் கூட்டிப் பார்த்து, பன்னிரண்டு என்றாள்.

"நாற்பதுன்னு எழுதும்மா."

"மொதலாளி, இது புகை. கம்மியா இருந்தாத்தான் அவங்களுக்குப் புடிக்கும்."

"எடுத்ததுமே பன்னெண்டு சொன்னா எட்டுக்குக் கேப்பாங்க. அப்ப இன்னா பண்ணுவே? நாற்பதுல ஆரம்பிச்சாத்தான் எறங்க எடம் இருக்கும்."

மறுநாளே பதில் வந்தது. நாற்பது மிக அதிகம். இருபதைத் தாண்டினால் வருஷ ஆர்டர் கிடையாது. அந்த ஆர்டரை நம்பித்தான் ஐந்து கம்ப்யூட்டர் வாங்கி, ஐந்து பெண்களை வேலைக்கு வைத்திருந்தார். இருந்தும் அவர் முகம் மலர்ந்தது. பேரத்துக்கு வந்துவிட்டார்களே. 'உங்களுக்காக முப்பத்திரண்டு' என்று எழுதச் சொன்னார்.

எப்படிக் குறைந்தது என்று கேட்டார்கள். ஜெனரேட்டரை எடுத்துவிட்டோம் என்றார். போட்டோ கேட்டார்கள். ஜெனரேட்டரை டெம்போவில் ஏற்றி, வந்தவாசியில் மச்சான் பரசுராமன் வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். போக வர டெம்போ விட்ட புகையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கரண்டு போனால் ஐந்து பெண்களும் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிசைன்கள் தேங்கின.

ஆடி பிறந்ததும் தள்ளுபடி போட்டு இருபத்தாறுக்கு இறங்கினார். மறுபடி எப்படி என்றார்கள். ஆடிக் காற்றில் புகை நிற்பதில்லை என்று பதில் போனது.

"புடவைக்குத் தள்ளுபடி போடலாம், புகைக்கா போடுவாங்க?" என்றாள் மனைவி லீலா. "இப்படிப் பேசிகினே இருந்தா அவங்க எழுந்து போயிடுவாங்க. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் கடைசி விலையைச் சொன்னார். பன்னிரண்டு. அதற்கு மேல் ஒரு கிலோ குறைத்தாலும் கட்டுப்படியாகாது.

அப்புறம் பதிலே இல்லை. கடைப்படி இறங்குகிறவரைக் கையைப் பிடித்து உட்கார வைக்கலாம். டென்மார்க்கைத் தெருமுனை வரை துரத்திப் பிடிக்க முடியுமா? நான்கு நாள் மணிக்கொரு முறை மெயிலைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஐந்தாம் நாள், வியாபாரத்தில் இறங்கிய நாள் முதலாக இல்லாத வழக்கமாக, வாடிக்கையாளருக்கு உண்மையை எழுதச் சொன்னார். முதலிலிருந்தே பன்னிரண்டுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பதில் வந்தது. ஜெயப்ரியா அதை இரண்டு முறை படித்துவிட்டுத் திரும்பினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க மொதலாளி. நாற்பதுல இருந்து பன்னெண்டுக்குக் கொறைச்சோம் இல்ல, கொறைச்ச புகைக்கு அங்க வெலை உண்டாம், அந்த இருபத்தெட்டு கிலோவை அவங்க வேற கம்பெனிக்கு வித்துட்டாங்களாம். இன்னைக்குக் காலையில நீங்க மன்னிப்பு கேட்டு அனுப்பின மெயில் அவங்களுக்கு வந்தே சேரலையாம். அடுத்த டிசைனுக்கு அறுபதுல ஆரம்பிக்கச் சொல்றாங்க."