பொன்னாடை அண்ணாச்சியும் இரண்டு வார்டு சாக்கடையும்

மும்பையில் முனிசிபாலிட்டியைக் கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு, திட்டித் தீர்த்தவர்களும் உண்டு. பாராட்டியே நடுங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் பொன்னாடை அண்ணாச்சிதான்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்தின் தொடக்கத்தில் அவருடைய இஸ்திரிக் கடை. சந்தின் கடைசியில், பள்ளத்தில், என் தையல் கடை. அண்ணாச்சியிடம் ஒரே ஒரு சால்வை உண்டு. மயில் கழுத்து நிறம், ஓரத்தில் ஜரிகை, ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு. முனிசிபாலிட்டி ஆள் எவர் வந்து தன் வேலையைச் செய்தாலும் அது அவர் தோளில் விழுந்துவிடும். கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணாச்சி அதை மெதுவாக உருவிக்கொள்வார்.

"கசங்கிட்டு சாப். இஸ்திரி போட்டு ஆபீஸுக்கே கொண்டாந்து தாரேன்."

கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

தெருவிளக்கு மாற்ற வந்தவர் ஏணியில் நின்றபோதே அண்ணாச்சி மறுபக்கமாக ஏறிப் போர்த்திவிட்டார். "இறங்கி வரட்டுமே அண்ணாச்சி" என்று கீழே இருந்தவர்கள் கத்தினார்கள். "இறங்குனா பைக்ல ஏறிப் போயிருவான்வே! மேல வச்சே அமுக்கணும்" என்றார்.

கொசுப்புகை அடிக்க வந்த நாளில் சால்வையோடு புகைக்குள் பாய்ந்தார். புகை விலகியபோது சால்வை எங்கள் பால்காரர் தோளில் இருந்தது. அவரும் மறுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.

ஒருமுறை வார்டு ஆபீஸுக்கே போய்விட்டார். கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல், "க்யா கம்ப்ளெயின்ட் ஹை?" என்றார்.

"கம்ப்ளெயின்ட் நஹி சாப். நேத்து குழாய்ல தண்ணி நல்லா வந்துச்சு. தேங்க்ஸ் சொல்லலாம்னு வந்தேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். புகாருக்கு அங்கே ஜன்னல் உண்டு, வரிக்கு உண்டு, பிறப்புக்கும் இறப்புக்கும்கூட உண்டு. நன்றிக்கு இல்லை. ஜன்னல் ஜன்னலாக அனுப்பி, கடைசியில் பெரிய அதிகாரியின் அறைக்குள் விட்டார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, "உண்மையைச் சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்று தணிந்த குரலில் கேட்டாராம். அதற்குப் பிறகு அண்ணாச்சி வாசலில் தெரிந்தாலே பாதி ஆபீஸ் டீ குடிக்கக் கிளம்பிவிடும்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கடையின் தலைவிதி போய்ச் சேர்ந்தது.

எங்கள் சந்தின் நடுவில் ஓடும் சாக்கடைக்கு இடது கரை ஒரு வார்டு, வலது கரை வேறொரு வார்டு. மழைக்கு முன்னால் இரண்டு வார்டிலிருந்தும் தூர் வாரும் ஆட்கள் சந்து முனை வரை வருவார்கள். "அது அவங்களோடது" என்று எதிர்க்கரையைக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை, பாதிச் சாக்கடை அவங்களோடதுதான். மழை வந்ததும் மொத்தச் சாக்கடையும் என்னோடது ஆகிவிடும். ஜூனில்தான் மழை, ஜூனில்தான் பள்ளிக்கூடமும். அந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதையும் நம்பி ஒப்புக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியும் நீலத் துணியும் தரையிலிருந்து கூரை வரை. தண்ணீர் உள்ளே வந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில், சாக்கடை நிறத்தில்தான் தைத்துக் கொடுக்க வேண்டும்.

யாரிடமும் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"பயப்படாத தங்கச்சி. சாக்கடை வாருனதுக்கு ஒரு பாராட்டு விழா வச்சிருவோம்."

"இன்னும் வாரவே இல்லையே அண்ணாச்சி?"

"வாருன பெறகு நன்றி சொன்னா வாங்கிக்கிட்டுப் போயிருவான். வாராம இருக்கையிலயே சொல்லிப் பாரு, பய தூங்க மாட்டான்!"

ஞாயிற்றுக்கிழமை இடது கரையில் இரண்டு இஸ்திரி மேசைகளைச் சேர்த்து மேடை போட்டார். மைக், மாலை, 'சாக்கடையைச் சுத்தம் செய்து தந்த பொறியாளருக்கு நன்றி' என்று பேனர். பேனருக்குக் கீழே சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது. இடது கரை எஞ்சினீயரை அழைத்திருந்தார். அவர் வரவில்லை. வெயில் ஏறியது, மாலை வாடியது. அப்போது சந்து முனையில் ஒரு ஜீப் நின்றது. கையில் ஃபைலோடு இறங்கியவரை அண்ணாச்சி விசாரிக்கவே இல்லை. சால்வை, மாலை, கைதட்டல். பெண்கள் ஆரத்தி எடுத்துப் பொட்டும் வைத்தாகிவிட்டது.

"அரே, யே மேரா வார்டு நஹி ஹை!" இது தன் வார்டே இல்லையென்று அவர் பதறியது மைக்கில் ஊருக்கே கேட்டது. அவர் வலது கரை எஞ்சினீயர், வழி கேட்க இறங்கியவர்.

"வார்டு கெடக்கட்டும் சாப். போட்ட சால்வைய எடுக்கப்பிடாது" என்றார் அண்ணாச்சி. இதைச் சொல்ல உலகத்தில் கடைசித் தகுதி உள்ளவர் அவர்தான். அடுத்த நொடி மைக் என் கைக்கு வந்தது. "தங்கச்சி நாலு வார்த்தை பேசும்!"

"சாப்... மேரே துகான் மே பச்சோங்கா யூனிஃபார்ம்..." என்றேன். என் கடையில் பிள்ளைகளின் சீருடை இருக்கிறது என்று கடையைக் காட்டினேன். மேலே வார்த்தை வரவில்லை. அவர் துணிக்கட்டுகளைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், போனை எடுத்தார். பேசி முடித்து ஜீப்பில் ஏறியவர் சால்வையோடே ஏறிவிட்டார். அண்ணாச்சி "சாப்! இஸ்திரி! இஸ்திரி!" என்று பஸ் ஸ்டாப் வரை ஓடி மீட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை வலது கரை ஆட்கள் இறங்கினார்கள். செய்தி எட்டியதும் இடது கரை ஆட்களும் மானம் காக்க வந்து குதித்தார்கள். மதியத்துக்குள் சாக்கடையின் தரை தெரிந்தது. எங்களில் பலர் அதை முதன்முதலாகப் பார்த்தோம். பிறகு யாருக்குச் சால்வை என்று தகராறு. அண்ணாச்சி இரண்டு வார்டு முகாதம்களையும், அதாவது மேஸ்திரிகளையும், நெருக்கி நிறுத்தி, ஒரே சால்வைக்குள் கல்யாண ஜோடி மாதிரி போர்த்தினார்.

அந்த ஜூனில் தண்ணீர் என் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போனது.

அண்ணாச்சி இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் பகுதி முனிசிபாலிட்டிக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இங்கே இரண்டு வார்டும் போட்டி போட்டு வாருகின்றன. இந்த மழைக்கும் என் துணி நனையவில்லை. போன வாரம் தாதரில் புதுச் சால்வை ஒன்று வாங்கினேன். அவருக்குத்தான். இதை யாரும் இஸ்திரி போடத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. போர்த்தும்போது நாலு வார்த்தை பேச வேண்டுமே என்றுதான் தயங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதிப் பார்த்தேன்.