போன்சியானோவின் வலது முழங்கை

வாழ்க போன்சியானோ! பிலிப்பைன்ஸ் நாட்டு இலோய்லோ நகரத்துத் திருவிழா மேடைகளின் அடிவாரத்தே ஆண்டு பலவாய் அசையாது நின்று, அன்னநடை பயிலும் அழகுராணியரை முடிமுதல் அடிவரை ஒரே சட்டத்துள் சிறைப்பிடித்த படப்பிடிப்பு வீரர், கண்கொத்திப் பாம்பன்ன விழியினர், அகன்ற மார்பினர், அதனினும் அகன்ற வயிற்றினர் வாழ்க!

தரை கூட்டும் நெடும்பாவாடையைக் கேமராவைப் படுக்கவைத்து எடுத்தல் ஆகுமோ? ஆகாது. ஆகவே அவர் அதை நெட்டுக்குத்தாகத் திருப்புவார். திருப்புந்தோறும் அவரது வலது முழங்கை மதில்மேல் ஏற்றிய கொடிபோல் வானோக்கி எழும். அவ்வாறு எழுந்த அம்முழங்கை, சென்ற சனிக்கிழமை, மகுடம் ராணியின் கூந்தலைத் தொட்ட பொற்கணத்தில், வலப்பக்கம் நின்ற சக படப்பிடிப்பாளர் தெமெத்ரியோவின் மூக்கை இடியெனத் தாக்கிற்று. இருவர் கேமராவிலும் பதிந்தது மேடைக்கூரை மட்டுமே.

“போன்சியானோ மனோங், அது கையா, கடப்பாரையா?” என்று, அண்ணனை ‘மனோங்’ என விளிக்கும் அவ்வூர் மரபு வழுவாது, மூக்கைப் பொத்தியபடி அலறினார் தெமெத்ரியோ. “ராணியோட அம்மா நம்ம ரெண்டு பேரையும் தேடிக்கிட்டு வர்றாங்க. இனி உன் பக்கத்துல நின்னா என்னை ஏன்னு கேளு!”

அன்றே மூண்டது உடற்போர். அடியிலும் ஒரு பிடி, அப்பிடியிலும் படமெடுக்க ஒரு பொத்தான் என இரட்டைப் பேறு வாய்ந்த புதுக் கேமரா கடைவீதியில் வந்திறங்கியிருந்தது. நெட்டுக்குத்தாகப் பிடித்தாலும் முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடக்கும். ‘வாங்குக!’ என்று முழங்கிற்று, ஆண்டாண்டாய்க் கேமராவைத் திருப்பித் திருப்பி வீங்கிய மணிக்கட்டு. ‘அந்த அம்மிக்கல்லைச் சுமப்பது யார்?’ என்று எதிர்முரசு கொட்டிற்று கழுத்து. முதுகெலும்பு கழுத்தின் அணியிற் சேர்ந்தது. மனைவி லிகாயாவோ சோறு பரிமாறியபடியே தீர்ப்புரைத்தாள்: “வாங்குனா வாங்கு, வாங்காட்டிப் போ. தட்டுல இருக்கிற மீன நெட்டுக்குத்தாத் திருப்பித் திருப்பிப் பாக்குறத மட்டும் நிறுத்து.”

கடைக்குத் தெமெத்ரியோவும் வந்தார், மூக்கில் பிளாஸ்திரியோடு, அடிபட்ட நாட்டின் தூதராக. போன்சியானோ புதுக் கேமராவை ஏந்தினார், திருப்பினார். ஆகா! முழங்கை, கூடடைந்த புறாவென விலாவில் ஒடுங்கிற்று.

“இதான் மனோங்! என் மூக்குக்காகவாவது எடுத்துக்க!”

பின்னர் போன்சியானோ அதன் வாரைக் கழுத்தில் மாட்டினார். மலையே மாலையாய் விழுந்தாற்போல் தலை தாழ்ந்தது. கழுத்தும் தோளும் முதுகும் ஒருங்கே கிளர்ந்தெழுந்தன. ஏந்துவார், மாட்டுவார், கழற்றுவார், மீண்டும் ஏந்துவார்; வெற்றித்திருமகள் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் இடையே ஊசலாடிக் களைத்தாள்; விற்பனைப் பெண் கொட்டாவி விட்டாள். ஈற்றில் வீரர் நிமிர்ந்து, மூவுலகும் அதிர முழங்கினார்: “முடிவு பண்ணிட்டேன்!”

அடுத்த வாரத்திலிருந்து தெமெத்ரியோ அவருக்கு இடப்பக்கம் நின்றார்.